சாலம்மாளின் ஐந்தாம் வருட நடை

பாறைக்கொட்டாயிலிருந்து சாலம்மாளை மொபெட்டில் கூட்டிக்கொண்டு வந்தவர் அவருடைய கணவர் மாதையன். மருத்துவமனை வாசலில் காவலாளி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, சாலம்மாள் வேண்டாமென்று கையசைத்துவிட்டு, தைல மரக் கம்பை ஊன்றி, அந்த நீண்ட வராந்தா முழுக்கத் தானே நடந்து என் அறைக்கு வந்தார். வலது முட்டி உள்பக்கமாகவும் இடது முட்டி வெளிப்பக்கமாகவும் வளைந்திருந்தன. இரண்டு கால்களையும் ஒரே திசையில் யாரோ அழுத்தித் தள்ளிவிட்டதுபோல் இருந்தது. அடி வைக்கும்போதெல்லாம் முட்டி ஒருமுறை பக்கவாட்டில் விலகி, பிறகு தன் இடத்துக்குத் திரும்பியது.

எங்கள் பகுதியில் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். குழந்தையிலிருந்து அதையே குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்பேறும். சிலருக்கு எலும்பே வளையும். மலையடிவாரத்தில் இருந்த எங்கள் அறக்கட்டளை மருத்துவமனையில் எலும்பு மருத்துவராகப் பத்தொன்பது வருடங்களாக அத்தகைய கால்களைப் பார்த்துவந்தேன். ஆனாலும் சாலம்மாளின் முட்டிகளைக் கையில் பிடித்து அசைத்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் திகைப்பாக இருந்தது. முட்டியை இருபுறமும் இழுத்துப் பிடித்திருக்க வேண்டிய தசைநார்கள் தொளதொளத்துப் போயிருந்தன. முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி, ஆணி கழன்ற கதவுபோல் ஆடியது.

“எத்தன வருஷமா இப்படி?”

“வளைஞ்சது சின்ன வயசுலயே. ஆட ஆரம்பிச்சது இப்ப ஆறேழு வருஷமாத்தானுங்க” என்றார் சாலம்மாள்.

“தினமும் எவ்வளவு தூரம் நடப்பீங்க?”

“பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்கறேனுங்க. வீட்லேர்ந்து ஒன்றரை கிலோமீட்டர். போக ஒருக்கா, வர ஒருக்கா. அடுப்புகிட்ட நிக்கற நேரந்தான் உசுரு போவுது. ரிட்டயர்டு ஆவ இன்னும் ஒம்பது வருஷம் இருக்குது. அது வரைக்கும் நின்னா போதும், டாக்டரம்மா.”

வழக்கமான செயற்கை மூட்டு அவருக்குப் பயன்படாது. அது நோயாளியின் சொந்தத் தசைநார்களை நம்பி நிற்பது. இவருக்குக் கீல் மூட்டுதான் வைக்க வேண்டும். தொடை எலும்புக்குள்ளும் கால் எலும்புக்குள்ளும் நீண்ட தண்டுகளை இறக்கி, நடுவே கீல் போட்டு இரண்டையும் இணைப்பது. சீழ் பிடிக்கலாம், தண்டு தளரலாம், ஆனாலும் செய்யக்கூடியது. அந்த மருத்துவமனையில் நான் அதுவரை நாற்பது பேருக்கு வைத்திருந்தேன்.

ஐந்து வருடங்களுக்கு முன்னால் வந்திருந்தால், வந்த வாரமே சாலம்மாளுக்கு நாள் குறித்திருப்பேன். இப்போது முன்னடையைக் கேட்க வேண்டியிருந்தது.

முன்னடை என்பது, மூட்டு அறுவை சிகிச்சைகளின் முடிவுகளைத் தொகுக்கும் மூட்டுப் பதிவகம் எல்லா மருத்துவமனைகளிலும் வைத்த கருவி. நோயாளியைப் படமெடுத்து, ஒரு விரிப்பின் மேல் பத்தடி நடக்கவிட்டால் போதும். அதே நிலையில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்ன ஆனது என்பதை வைத்துக் கணக்கிட்டு, இவர் ஐந்து வருடம் கழித்து எப்படி நடப்பார் என்பதைச் சுவரளவு திரையில் ஓடவிடும். எண்ணாகச் சொன்னால் மக்களுக்குப் புரியவில்லை என்பதால் படமாகக் காட்டினார்கள். அவரவர் முகம், அவரவர் உடை. தோல்விக்கான வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதைத் தாண்டினால் அறுவை சிகிச்சை கிடையாது. மருத்துவர் தன் சொந்தப் பொறுப்பில் கையெழுத்திட்டால் மட்டும் செய்யலாம். எப்படியானாலும் நோயாளிக்குப் படத்தைக் காட்டியாக வேண்டும். தன் உடம்புக்கு என்ன நேரும் என்று தெரிந்துகொள்வது அவருடைய உரிமை என்றது விதி. அதில் எனக்கு முழுச் சம்மதம் இருந்தது.

திரையில் சாலம்மாள் வந்தார். அன்று கட்டியிருந்த அதே ஊதா நிறப் பூப்போட்ட புடவை. தலைமுடி மட்டும் இன்னும் கொஞ்சம் நரைத்திருந்தது. கால்கள் நேராக இருந்தன. கம்பு இல்லை. நாலு அடி வைத்தார். மாதையன் “அட!” என்று நாற்காலியின் நுனிக்கு வந்தார். ஐந்தாவது அடியில் வலது முட்டி பின்பக்கமாக மடங்கியது. சாலம்மாள் முகம் குப்புற விழுந்தார். படம் ஒரு கணம் நின்று, மறுபடி முதலிலிருந்து ஓடியது. மீண்டும் நாலு அடி, மீண்டும் விழுந்தார். கீழே ஓர் எண்: தோல்வி 71.

மூன்றாவது முறை விழுந்ததும் நானே அதை நிறுத்தினேன்.

“அது நாந்தானுங்களா?” என்று கேட்டார் சாலம்மாள்.

“ஆபரேசன் பண்ணா, அஞ்சு வருஷத்துல இப்படி ஆக வாய்ப்பு அதிகம்னு சொல்லுது” என்றேன்.

“கைய ஊனக்கூட தெரியல பாருங்க அவளுக்கு” என்றார். குரலில் கோபமோ அழுகையோ இல்லை. யாரோ தெரிந்தவளுக்கு நடந்ததைப் பேசுவதுபோல் இருந்தது.

மாதையன்தான் விடவில்லை. “டாக்டரு கையெழுத்து போட்டா செய்யலாம்னு வெளிய சொன்னாங்களே, டாக்டரம்மா. நூத்துல எழுவத்தொண்ணு போனாலும் மீதி இருபத்தொம்போது இருக்குதில்ல?”

“அப்படிப் போட முடியாதுங்க” என்றேன். “தோத்துட்டா இப்ப இருக்கறதும் போயிடும்.”

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. முந்தைய வருடம் ஒருவருக்காகக் கையெழுத்திட்டிருந்தேன். சீழ் பிடித்து, கடைசியில் தொடைக்கு மேலே காலை எடுக்க வேண்டியதாயிற்று. விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்து, “கருவி சொல்லியும் ஏன் செய்தீர்கள்?” என்று ஒரே கேள்வியை நாலு மாதம் கேட்டார்கள். இன்னொரு முறை அந்த மேசைக்கு முன்னால் உட்கார எனக்குத் தைரியமில்லை. மாதையனிடம் அதைச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

முட்டியை இறுக்கிப் பிடிக்கும் பட்டையும் வலிக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தேன். போகும்போது சாலம்மாள் வராந்தாவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு மாதையனிடம் அந்தச் சக்கர நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, அதில் உட்கார்ந்து போனார். புத்திசாலித்தனமான காரியம் என்று அப்போது நினைத்தேன்.

*

பதினான்கு மாதம் கழித்து, மாம்பழப் பருவத்தில், மாரண்டூர் மண்டி வழியாகக் காரில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு லாரி வழியை மறித்து நின்றது. பின்பக்கப் பலகையைத் திறந்துவிட்டு, இரண்டிரண்டு கூடைகளாகத் தோளில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரை எங்கேயோ பார்த்த நினைவு. வேட்டியை மடித்துக் கட்டியிருந்ததால் வலது முட்டியின் நடுவே நேர்கோடாக ஒரு தழும்பு தெரிந்தது. அது என் கைத் தையல்.

இறங்கிப் போனேன். “சென்றாயன்தானே நீங்க?”

அவர் கூடையை இறக்கிவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்தார். “டாக்டரம்மா! எங்க இந்தப் பக்கம்?”

சென்றாயன் எனக்கு நன்றாக நினைவிருந்தார். ஏழு வருடங்களுக்கு முன் கீல் மூட்டு வைத்த ஆள். கால் சாலம்மாளுடையதைவிட மோசமாக இருந்தது. தையல் பிரித்ததற்குப் பிறகு ஒருமுறைகூட அவர் மருத்துவமனைப் பக்கம் வரவில்லை.

“இந்தக் கால வெச்சிக்கிட்டு மூட்ட தூக்கறீங்களா?”

“ஏழு வருஷமா தூக்கறனே. வலது காலுதான் இப்ப என் நல்ல காலு” என்று சொல்லி அதே காலால் தரையை இரண்டு முறை மிதித்துக் காட்டினார்.

“வருஷா வருஷம் காட்டச் சொன்னேனே? ஏன் வரல?”

அவருக்கு வெட்கமாகிவிட்டது. “நல்லா இருக்கற காலுக்கு எதுக்கு டாக்டரம்மா ஆஸ்பத்திரி? ரெண்டு பஸ் மாறி வரணும், ஒரு நாள் வேல போயிடும். ஏதாவது ஆனா வரலாம்னு இருந்தேன். ஒண்ணும் ஆவல.”

மருத்துவமனைக்குத் திரும்பியதும் பதிவகத்தின் பட்டியலில் அவர் பெயரைத் தேடினேன். சென்றாயன், வலது முட்டி, கீல் மூட்டு. முடிவு என்ற இடத்தில் ‘தோல்வி’ என்றிருந்தது.

பதிவகத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஜெரோம் என்ற பொறியாளர். கருவியை நிறுவ வந்தபோது பழக்கம். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“இந்த ஆள இப்பத்தான் பாத்துட்டு வரேன், ஜெரோம். மாம்பழக் கூடை தூக்கறார். இதுல தோல்வின்னு இருக்கு. எப்படி?”

அவர் பட்டியலைத் திறந்து பார்க்கும் சத்தம் கேட்டது. “இவரு ஒருதடவகூடப் பரிசோதனைக்கு வரல மேடம். வராதவங்கள கருவி தோல்வின்னுதான் எடுத்துக்கும்.”

“ஏன்?”

“ஆரம்பத்துல பெரிய நகரங்கள்லதான் வெச்சுப் பாத்தாங்க. அங்க ஒரு டாக்டர்கிட்ட வராம போறவங்கள்ல பாதிப் பேர் மூட்டு கெட்டுப்போய் வேற ஆஸ்பத்திரிக்குப் போனவங்க. வராதவங்கள நல்லா இருக்காங்கன்னு எழுதினா டாக்டருங்க ஏமாத்துவாங்கன்னு பயம். அதனால பாதுகாப்பா இருக்கட்டும்னு அப்படி வெச்சோம்.”

“எங்க ஊர்ல நல்லா இருக்கறவங்கதான் வரமாட்டாங்க, ஜெரோம்.”

நானே அடுத்ததைக் கேட்டேன்.

“நான் கீல் மூட்டு வெச்ச நாப்பது பேர்ல எத்தன பேர் வந்திருக்காங்க?”

“ஒம்பது பேர். மீதி முப்பத்தொண்ணும் தோல்விக் கணக்குல இருக்கு.” அதோடு நிறுத்தவில்லை. “மேடம், இவ்வளவு வளைஞ்ச கால்களுக்கு நாட்டுலயே உங்க ஆஸ்பத்திரி கணக்குதான் அதிகம். அந்த மாதிரிக் கால் எங்க வந்தாலும் கருவி உங்க ஆளுங்கள வெச்சுத்தான் பதில் சொல்லும்.”

அன்றிரவு வீட்டுக்குப் போயும் அந்த முப்பத்தொரு பெயர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஏழு ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். முகவரியில் இருந்தவர்கள் சிலர், மகள் வீட்டுக்குப் போனவர்கள் சிலர். புளியந்தோப்பில் ஒருவரைக் கண்டுபிடித்தேன். செங்கல் சூளையில் ஒருவரை. கருப்பு நிற ஆடு ஒன்றைத் துரத்திக்கொண்டு ஓடிய ஒரு பெண்மணியிடமே, “இங்க முட்டி ஆபரேசன் பண்ண நாகம்மா வீடு எது?” என்று கேட்டேன். “நாந்தான், இருங்க, இத கட்டிட்டு வரேன்” என்றார். இருபத்தாறு பேரைப் பார்த்துவிட்டேன், அல்லது அவர்கள் வீட்டாரைப் பார்த்துவிட்டேன். இருபத்தொரு பேர் நன்றாக நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் வேறு நோயில் இறந்திருந்தார்கள், அதுவரை நடந்தவர்கள்தான். மூன்று பேருக்கு மட்டும் மூட்டு உண்மையிலேயே தளர்ந்திருந்தது. மீதி ஐந்து பேர் ஊரைவிட்டே போயிருந்தார்கள்.

எல்லாவற்றையும் ஜெரோமுக்கு அனுப்பினேன். அவர் அதைச் சேர்த்து, சாலம்மாளின் பழைய பதிவைக் கருவியில் மறுபடி ஓட்டினார். மறுநாள் காலையில் என் கைப்பேசிக்கு வந்த படத்தில் சாலம்மாள் விரிப்பின் கடைசி வரை நடந்து, திரும்பி, மறுபடி நடந்து வந்தார். தோல்வி 18.

*

அன்று மதியமே பாறைக்கொட்டாய்க்குப் புறப்பட்டேன். வழி முழுக்க எந்தத் தேதியில் வைத்துக்கொள்ளலாம், எந்தக் காலை முதலில் செய்யலாம் என்றே யோசித்துக்கொண்டு போனேன். கைப்பேசியில் அந்தப் படம் இருந்தது. சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மாதையன் வெளியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் துணி. என்னைப் பார்த்ததும் எழுந்து கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “உள்ளதாங்க இருக்கா” என்றார்.

ஜன்னலோரக் கட்டிலில் சாலம்மாள் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முட்டிகள் வயிற்றை நோக்கி மடங்கியிருந்தன. போர்வையை விலக்கி ஒரு காலை நீட்டப் பார்த்தேன். பாதி தூரம்கூட வரவில்லை. தொடையில் சதையே இல்லை. என் ஒரு கைப்பிடிக்குள் அடங்கியது. இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண். மாதையன் அதைச் சுத்தமாக வைத்திருந்தார்.

“எப்ப விழுந்தாங்க?” என்று கேட்டேன்.

“விழவேயில்லீங்க” என்றார் மாதையன்.

“அப்பறம் எப்படி இப்படி?”

சாலம்மாள்தான் சொன்னார். “விழுந்துடுவேன்னு பயந்துட்டேன், டாக்டரம்மா. அன்னைக்கி ஊட்டுக்கு வந்ததும் வாசப்படி எறங்கக் கால் வெக்கறேன், அவ விழறது தெரியுது. அடுப்புகிட்ட நிக்கறேன், தெரியுது. அது ஆபரேசன் பண்ணாத்தான், சும்மா இருந்தா ஒண்ணும் ஆவாதுன்னு இவரு சொல்லத்தான் சொன்னாரு. எனக்குப் புரியாம இல்ல. ஆனா கண்ணுக்குள்ள விழுந்துக்கினே இருக்கா. ஒரு மாசம் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். அப்பறம் ஆறு மாசம். அப்பறம் வேற ஆளப் போட்டுட்டாங்க.”

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கருவி எங்கே தவறியது, சென்றாயன், முப்பத்தொரு பேர், எல்லாவற்றையும் சொன்னேன். அப்போதே செய்திருந்தால் நூற்றில் எண்பதுக்கு மேல் நன்றாக வந்திருக்கும் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஏற்கெனவே ஒருமுறை அவர்களிடம் பாதியை மறைத்திருந்தேன்.

“இப்ப செய்யலாமுங்களா?” என்று கேட்டார் மாதையன்.

“இல்லீங்க. இப்ப மூட்டு மாத்தினாலும் அதத் தாங்கறதுக்குச் சதை இல்ல. புண் வேற இருக்கு. உள்ள வெக்கறதுல கண்டிப்பா சீழ் பிடிக்கும்.”

அவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். துணியை அலசும் சத்தம் மறுபடி கேட்டது.

“கையெழுத்து நான் போட்டிருக்கணும், சாலம்மா” என்றேன். “பயந்துட்டேன்.”

“கையெழுத்து போடலன்னு எனக்கு ஒண்ணும் கோவமில்லீங்க. ஆபரேசன் இல்லாமத்தான் அம்பது வருஷம் நடந்தேன்.” மடங்கியிருந்த தன் கால்களைப் பார்த்தார். “நாந்தானான்னு கேட்டேனில்ல? இல்ல, அது நீ இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.”

என்னிடம் புதிய படம் ஒன்று இருக்கும் என்பதை, நான் சொன்னதிலிருந்தே அவர் ஊகித்திருந்தார். “அதுல இப்ப நல்லா நடக்கறனாக்கும்?” என்றார்.

“ஆமா. பாக்கறீங்களா?”

“வேணாமுங்க” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

வராதவர்களைத் தோல்வி என்று எழுதும் வழக்கத்தைப் பதிவகம் கைவிட்டது. ஜெரோம் அதற்காக மூன்று கூட்டங்களில் பேசினார். அதோடு, மருத்துவர்கள் மறுத்து அனுப்பியவர்களையும் ஒரு வருடம் கழித்து விசாரித்து எழுத வேண்டும் என்று புதிதாக ஒரு படிவம் வந்தது. கருவி தன் தவறுகளைத் தானே திருத்திக்கொள்ள அது உதவும் என்றார்கள்.

நான் திருப்பி அனுப்பியவர்கள் பதினொரு பேர். படிவத்தில் ஆளுக்கு ஒரே கேள்விதான்: இப்போது நடக்கிறாரா?

சாலம்மாள் பெயருக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதினேன். உடனே கருவியிலிருந்து ‘மறுத்தது சரி’ என்று வந்தது. ஒரு வருடத்துக்குள் நடை நின்றுபோகும் கால், அறுவை சிகிச்சையையும் தாங்கியிருக்காது என்பது அதன் கணக்கு.

ஜெரோமைக் கூப்பிட்டேன். “அந்தப் படத்தப் பாத்ததாலதான் அவங்க நடக்கறத விட்டாங்க. அத எங்க எழுதறது?”

“காரணம் எழுதக் கட்டம் இல்லயே மேடம்” என்றார். “படத்தப் பாத்தே நடைய விட்டுடுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.”

மற்ற பத்துப் பேரையும் நேரில் போய்ப் பார்த்தேன். ஏழு பேர் படுக்கையில் அல்லது நாற்காலியில் இருந்தார்கள். ஏழு முறை ‘மறுத்தது சரி’ என்று வந்தது. மூன்று பேர் மட்டும் அதே வளைந்த, ஆடும் முட்டிகளோடு இன்னும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். மூவரில் ஒருவர் கண்புரை முற்றியவர். அன்று திரையில் ஏதோ வெளிச்சம் அசைந்தது என்பதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. இன்னொருவருக்குக் கணக்கு வந்து படம் ஓடுவதற்குள் மின்சாரம் போய்விட்டது. தோல்வி எண்ணை மட்டும் வாயால் சொல்லி அனுப்பியிருந்தேன். மூன்றாமவர் ஒரு டீக்கடைக்காரர். “படமெல்லாம் எனக்கெதுக்கு, ஆவும்னா ஆவும்னு சொல்லுங்க, ஆவாதுன்னா ஆவாதுன்னு சொல்லுங்க” என்று திரை எரிவதற்கு முன்பே எழுந்து போனவர்.

அவருடைய கடையில் உட்கார்ந்துதான் கைப்பேசியில் கடைசிக் கட்டத்தை நிரப்பினேன். ‘மறுத்தது தவறு’ என்று வந்தது. அவர் ஆடி ஆடி நடந்துவந்து என் முன்னால் டீயை வைத்துவிட்டு, “என்ன டாக்டரம்மா, நல்ல சேதிங்களா?” என்று கேட்டார்.